அமாவாசைக் கூடாரம்

அத்தியாயம் பதினொன்று

ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். போட்டவள் ஷாமினி. அதில் மாட்டிக்கொண்டவளும் அவளேதான்.

சனிக்கிழமை காலை, சொந்தச் சமையலறைக்குள் நுழைய உரிமை இல்லாதவளாக, மலாக்கா மெர்லிமாவில் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்றாள். உள்ளே பாத்திரம் உருண்டது. குக்கர் விசில் அடித்தது. ஐந்து வயதுக் கவிநேசன் எதற்கோ வீறிட்டான், அடுத்த நொடியே எதற்கோ சிரித்தான். எட்டிப் பார்க்கலாமா என்று கால் துடித்தது. போனால் தோற்றுவிட்டாள் என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுத் தாதியான ஷாமினிக்கு, கடல் தாண்டிக் கூச்சிங்கில் ஓராண்டுச் சிறப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வருடா வருடம் விண்ணப்பித்து, வருடா வருடம் ஏமாந்து, கடைசியில் கைக்கு வந்தது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற கணவன் சுரேனிடம் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "போயிட்டு வா. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றான்.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒரு டின் மைலோ வாங்கப் போனால் கடைக்குள் நின்றுகொண்டு பெரிய டின்னா, சின்ன டின்னா என்று போன் செய்கிற மனிதன். ஒரு வருடம் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வானாம்.

"வாய் பேசினா போதுமா? ரெண்டு நாள் பாத்துக் காட்டுங்க. வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய். நான் சும்மா உக்காந்திருப்பேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன், கேக்காட்டியும் சொல்ல மாட்டேன்" என்று சவால் விட்டாள்.

"சரிதான்லா. கடற்கரையில கூடாரம் போட்டுத் தங்குவோம்" என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

அந்த இரண்டு நாளில் முதல் நாள்தான் இன்று.

"என்னங்க இது, வீடு மாறிப் போறோமா?" வாசலில் நிறுத்தியிருந்த காடியின் திறந்த டிக்கியைப் பார்த்ததும் ஷாமினியால் வாயை அடக்க முடியவில்லை.

கூடாரம், பாய்கள், ஐஸ் பெட்டி, மூன்று அடுக்குத் தூக்குச்சட்டி, மழைக்கோட்டுகள், வாளி, மண்வெட்டி, கொசு மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, ராஜா மாதிரி, கவியின் தலையணை. கைக்குழந்தையாக இருந்தபோதிருந்து அவன் கட்டிக்கொண்டு தூங்குகிற சின்னத் தலையணை. இந்த நாட்டில் பிள்ளைகள் இருக்கிற முக்கால்வாசி வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். மலாய்க்காரர்கள் பந்தால் பூசோக் என்பார்கள், நம் வீடுகளில் நாத்தத் தலையணை. துவைத்தால் பிள்ளை அழும், துவைக்காவிட்டால் வீடே அழும்.

"எல்லாம் ரெடி" என்றான் சுரேன். நெற்றியில் விபூதி, தோளில் பிள்ளைகளின் துண்டு.

பின்னால் லேஷ்வினி வந்தாள். எட்டு வயது. தலைமுடியை மீன்முள் பின்னலாக இழுத்து, ஒரு முடிகூட வெளியே பிரியாமல் கட்டியிருந்தது.

"யாரு பின்னிவிட்டது?"

"அப்பா."

"அப்பாவா?"

லேஷ்வினி தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் வானத்தைப் பார்த்தான். "யூடியூப்ல எல்லாம் இருக்குலா ஷாமு" என்றான்.

ஒரே நாள் வீடியோ பார்த்துப் பின்னுகிற பின்னல் இல்லை அது. ஷாமினிக்கே அவ்வளவு நேராக வராது. ஆனால் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. காடியில் ஏறி உட்கார்ந்தாள்.

வழியில் அவள் மாமியார் சுசீலா போனில் வந்தார். சுரேன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அமாவாசைடா தம்பி. ஞாபகம் இருக்கா? கடக்கரைக்குப் போறேன்னு மீன் வாசத்துல மயங்கிடாத."

"சைவம்தாம்மா. சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். அப்பாவுக்கு இலையும் எடுத்து வச்சிட்டேன். எல்லாம் ரெடி."

"ஷாமினி சமைச்சாளா?"

"நான் சமைச்சேன்."

"உப்பு பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு சுசீலா போனை வைத்துவிட்டார்.

சுரேனின் தகப்பனார் ரங்கசாமி காலமாகி இரண்டு வருடம். அன்றிலிருந்து எந்த அமாவாசையையும் சுரேன் விட்டதில்லை. மச்சம், மாமிசம் தொட மாட்டான். இலை போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று அந்த வீட்டில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை, அவனைக் கேட்டால் போதும். இதை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கட்டும்.

கிளேபாங்கில் தேங்காய் ஷேக் குடிக்க நிறுத்தினார்கள். சுரேன் கவி கையில் முழு டம்ளரைக் கொடுப்பான், அது சட்டையில் கொட்டும், அப்போது தெரியும் என்று ஷாமினி காத்திருந்தாள். சுரேன் காடியின் கதவு இடுக்கிலிருந்து ஒரு சின்ன மூடி போட்ட கோப்பையை எடுத்தான். பாதியை அதில் ஊற்றி மூடி, உறிஞ்சு குழலைச் செருகிக் கவியிடம் கொடுத்தான். மீதியைத் தான் குடித்தான். சட்டையில் ஒரு சொட்டு இல்லை.

ஷாமினி தன் டம்ளரைக் குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நியாயமாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தஞ்சோங் கிளிங் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கடற்கரை. சாலையோரம் சவுக்கு மரங்கள், அதன் கீழே புல்தரை, புல்தரைக்குக் கீழே மணல். புல்தரை முழுக்கக் கூடாரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மணலிலோ ஒருவரும் இல்லை. நடுப்பகலில் கடல் எங்கோ தள்ளிப் போய், பளபளவென்று ஈர மண்ணைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

சுரேன் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான். "மேல ஒரே நெரிசல். பாரு, இவ்வளவு இடம் சும்மா கெடக்கு, ஒருத்தனுக்கும் தெரியல. நமக்கு முன்வரிசை சீட்டு" என்று சொல்லி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினான்.

ஷாமினி பின்னாலேயே இறங்கினாள், நின்றாள்.

அவள் பிறந்து வளர்ந்தது இதே தஞ்சோங் கிளிங்கில். அவள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் மீன் வலை காயும். தண்ணீர் எங்கே வரும், எப்போது வரும் என்பது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை. சுரேன் மெர்லிமாவ் எஸ்டேட்டுப் பிள்ளை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையைப் பார்த்தே பழுத்ததா இல்லையா சொல்லிவிடுவான். கடல் அவனுக்கு லீவு நாளில் பார்க்கிற ஒரு காட்சி, அவ்வளவுதான்.

புல்தரையின் ஓரத்தில், சவுக்கு வேர்களை ஒட்டி, குச்சியும் பாசியும் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஒற்றைச் செருப்புமாக ஒரு நீளக் கோடு. தண்ணீர் ஏறி வந்து விட்டுப்போன கோடு. சுரேன் கூடாரத்தின் முளையை அடித்துக்கொண்டிருந்த இடம் அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது.

அதோடு இன்றைக்கு அமாவாசை. மாதத்திலேயே கடல் அதிகமாக ஏறுகிற நாட்களில் ஒன்று. அமாவாசைக்காகக் காலையில் எழுந்து வாழைக்காய் நறுக்கிய மனிதன், அமாவாசைக் கடலுக்கு முன்னால் வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

ஷாமினி வாயைத் திறந்தாள்.

"அம்மா, நீங்க பேசக் கூடாது!" என்று லேஷ்வினி கத்தினாள். "நீங்கதானே சொன்னீங்க!"

"சரிம்மா. பேசல" என்று ஷாமினி வாயை மூடிக்கொண்டாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று மனதுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மடக்கு நாற்காலியை எடுத்துப்போய்ப் புல்தரையில், அந்தக் கோட்டுக்கு மேலே போட்டு உட்கார்ந்தாள். ஏன் மேலே போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் சுரேன் வாழை இலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, கூடாரத்துக்கு முன்னால் மணலில் வைத்தான். கும்பிட்டான். பிள்ளைகளும் கும்பிட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து "கா, கா" என்று கூப்பிட்டதில் மேலே கூடாரங்களிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது. காக்காய்கள் ஒன்றுக்கு ஐந்தாக வந்து இறங்கின.

"இதுல தாத்தா எது?" என்றான் கவி.

"வடைய மொதல்ல எடுக்குது பாரு, அது."

"தாத்தாவுக்குக் கடல் புடிக்குமா?"

"தாத்தா எஸ்டேட்டு லோரில ஒரு தடவ வந்தாரு. கால மட்டும் நனைச்சுட்டு, போதும்னு போயி ஒக்காந்துட்டாரு."

கவி சிரித்த சிரிப்பில் காக்காய்கள் பறந்தன. ஷாமினியும் சிரித்துவிட்டாள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. பாயாசம் அவள் வைப்பதைவிட நன்றாக இருந்தது. இதை மாமியாரிடம் சொல்லப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

பகல் முழுக்க அவன் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. கவிக்குக் காது மடலில் வெயில் மருந்து தடவினான், எல்லாரும் மறக்கிற இடம். லேஷ்வினியும் கவியும் வாளிக்குச் சண்டை போட்டபோது யாரையும் திட்டாமல் வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான், சண்டை சிரிப்பானது. மணலில் கோட்டை கட்டவில்லை, எஸ்டேட் கட்டினார்கள். குச்சிகளை வரிசையாக நட்டுச் செம்பனைத் தோட்டம், நடுவில் லோரி போகப் பாதை, ஓரத்தில் கோயில்.

ஷாமினி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பா, மண் கண்ணில் விழுந்தாலும் அப்பா. வார்டில் ஒரே நேரத்தில் எட்டுப் பக்கம் கூப்பிடுவார்கள், அப்போதெல்லாம் சும்மா உட்கார ஒரு நாள் கிடைக்காதா என்று ஏங்கியவள். கிடைத்த நாளில் கை வலித்தது.

மாலையில் புல்தரையில் பக்கத்து இடத்துக்கு ஒரு இளம் தம்பதி வந்து இறங்கினார்கள். கிளைவ், ஜோனிட்டா என்று தாங்களே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். ஆயர் குரோவிலிருந்து வந்தவர்கள். வந்த கையோடு அடுப்பு மூட்டி, மிளகாய் தடவிய மீனை வாழை இலையில் வைத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். புகை நேராகக் கவியின் மூக்குக்குப் போனது. அவன் மந்திரம் போட்டதுபோல நடந்து அடுப்புப் பக்கம் போய் நின்றான்.

"வா தம்பி, சாப்பிடு" என்றார் ஜோனிட்டா.

இப்போது அழுவான், உருள்வான், சுரேன் கத்துவான் என்று ஷாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சுரேன் ஓடி வரவில்லை. கீழேயிருந்தே கேட்டான், "கவி, இன்னைக்கு யாரு நாளு?"

"தாத்தா நாளு" என்றான் கவி, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாளைக்கு?"

"என் நாளு."

"நாளைக்கு எத்தன மீனு?"

"மூணு!"

"சொல்லிட்டு வா ஆன்ட்டிகிட்ட."

"ஆன்ட்டி, நாளைக்கு மூணு" என்று சொல்லிவிட்டுக் கவி இறங்கி ஓடினான். ஜோனிட்டா விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு எங்க டிரெய்னிங் குடுத்தீங்க? இவர அனுப்பி வைக்கணும்" என்று கிளைவைக் காட்டினார்.

ஷாமினிக்கும் அதே கேள்விதான்.

வெயில் இறங்கியதும் சுரேன் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டக் கிளம்பினான். குளிக்கிற குழாய் சாலைப் பக்கம், கடைகளுக்குப் பின்னால். "நீ உக்காரு. ஒண்ணையும் தொடாத. வந்து லைட்ட மாட்டறேன்" என்று ஷாமினியைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் கவியுமாகப் போனான்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது.

அது சத்தம் போட்டு வரவில்லை. மலாக்கா நீரிணையில் அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சுருள் வந்தது, பாதி மட்டும் திரும்பிப் போனது. செம்பனைத் தோட்டத்தின் முதல் வரிசை சாய்ந்தது. பிறகு பாதை. பிறகு கோயில். ரங்கசாமித் தாத்தாவின் இலை மிதந்து ஒரு சுற்றுச் சுற்றி, கடல் பக்கம் போனது.

ஷாமினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நனையட்டும் என்று நினைத்தாள். கூடாரம்தானே, உள்ளே யாரும் இல்லை, நனைந்தால் காயும். ஒரு நாள் பூராவும் எல்லாம் ரெடி, எல்லாம் ரெடி என்றானே, இப்போது தெரியட்டும். திங்கட்கிழமை தலைமைத் தாதியிடம் போய், வீட்டுக்காரருக்குச் சமாளிக்கத் தெரியாது, நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை உணர்ந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் தோற்க வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூச்சிங் போக அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைச் சொல்ல வாய் வராமல், அவன் தலையில் ஒரு பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறாள்.

அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தலையணை கூடாரத்துக்குள் இருக்கிறது.

நாற்காலி ஒரு பக்கம் விழ, ஷாமினி எழுந்து ஓடினாள். போவதற்குள் தண்ணீர் கூடாரத்தின் வாசல் வழியாக உள்ளே போய், பாய்களைத் தூக்கிவிட்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று முளைகளைப் பிடுங்கினாள். துணி கனத்தது. பையை எடுத்துப் புல்தரையை நோக்கி எறிந்தாள், பாயை எறிந்தாள். கூடாரத்தின் பின்பக்க ஜிப் திறந்து கிடந்தது. காற்று வரட்டும் என்று அவன் திறந்து வைத்த ஜிப்.

"அய்யோ, அண்ணே! அண்ணே!" என்று கிளைவ் கத்தியது கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். சுரேன் வந்துவிட்டான். அவன் தண்ணீருக்குள் பாயவில்லை. முதலில் பிள்ளைகளை ஜோனிட்டாவின் பாயில் உட்கார வைத்தான். "லேஷு, தம்பி கைய விடாத. கவி, அக்கா கைய விடாத. ரெண்டு பேரும் எனக்குத் தெரியற மாதிரி ஒக்காந்திருக்கணும்." இருவரும் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் இறங்கினான். கிளைவும் கூட வந்தான். மூன்று பேரும் சேர்ந்து கூடாரத்தை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"நீங்க பகலுக்கு மட்டும் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் அண்ணே" என்று கிளைவ் மூச்சு வாங்கினான்.

"என் பந்தால்!" என்று மேலேயிருந்து கவி அலறினான்.

மங்கின வெளிச்சத்தில் அது தெரிந்தது. கொஞ்ச தூரத்தில், வெள்ளையாக, ஏறி இறங்கி மிதந்துகொண்டிருந்தது. ஷாமினிக்கு நீச்சல் தெரியும். சுரேனுக்குத் தெரியாது. அவன் ஓரடி எடுத்து வைத்தான்.

ஆனால் அவன் அந்த ஓரடியோடு நின்றான். அவளும் ஒரு அடி வைத்ததைப் பார்த்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீயும் வேணாம். போகட்டும் விடு."

"அது இல்லாம தூங்க மாட்டான்."

"தூங்க வைக்கலாம். இருட்டப் போகுது, ஷாமு. மேல ஏறு."

அது உத்தரவு. ஷாமினி ஏறினாள்.

கவி அழுத அழுகையில் புல்தரையே திரும்பிப் பார்த்தது. சுரேன் அவனைத் தூக்கிக்கொண்டான். அழாதே என்று சொல்லவில்லை, வேறு வாங்கித்தருகிறேன் என்றும் சொல்லவில்லை. "போச்சுடா. எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லி, அவனோடு சேர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளைப் புள்ளி மறைகிற வரை இருவரும் கையாட்டினார்கள். பிறகு காடிக்குப் போனான். மாற்று டயருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஒரு தலையணை உறை. அழுக்கு உறை. தன் காய்ந்த கைலியைச் சின்னதாக மடித்து உறைக்குள் திணித்துக் கவியிடம் கொடுத்தான்.

கவி விசும்பிக்கொண்டே மோந்து பார்த்தான். இன்னொரு தரம் மோந்தான். கட்டிக்கொண்டான்.

"வாசம் உறையிலதான் இருக்கு" என்றான் சுரேன், ஷாமினி வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து. "ரெண்டு ஒற வச்சிருக்கேன். ஒண்ணு தொவைக்கற வாரம் இன்னொண்ணு நாறணும். எப்பவும் ஒண்ணு காடில இருக்கும்."

வாராவாரம் அந்த வீட்டில் தலையணை உறை மாறுகிறது. ஷாமினிக்குத் தெரியாது.

காடியின் பின்கதவைத் தூக்கிவிட்டு, சீட்டுகளை மடக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். கவி மிச்ச வடையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனான். சுரேன் விளிம்பில் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அமாவாசைன்னு எனக்குத் தெரியும்லா" என்றான். அவனுக்கே சிரிப்பு வந்தது. "காக்காக்கெல்லாம் சோறு வச்சேன். கடலுக்கும் அமாவாசை உண்டுன்னு தோணவே இல்ல பாரு."

"எனக்குத் தோணிச்சு" என்றாள் ஷாமினி.

அவன் திரும்பினான்.

"நீங்க முளை அடிக்கும்போதே தெரியும். தண்ணி எது வரைக்கும் ஏறும்னு பாத்துட்டுத்தான் நாற்காலியப் போட்டேன். சொல்லல."

"ஒப்பந்தத்துக்காகவா?"

"அது சாக்கு. நீங்க கவுந்துட்டா நான் போக வேண்டாம்ல." கையில் ஒட்டியிருந்த மணலை உதிர்த்தாள். "பயமா இருக்குங்க. புது ஊரு, இந்த வயசுல பரீட்சை. நான் இல்லாம இவங்க ரெண்டு பேரும் நல்லா இருந்துடுவாங்களோன்னு வேற பயம்."

சுரேனுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பது அவன் கால் தட்டுவதை நிறுத்தியதில் தெரிந்தது.

"பிள்ளைங்க உள்ள தூங்கியிருந்தா?"

"கத்தியிருப்பேன்."

"தெரியும்" என்றான் கடைசியில். "கூடாரம் போனா போகுது. அடுத்த வாட்டி சொல்லு. சண்ட போட்டாச்சும் சொல்லு. நான் தப்பு பண்ணுவேன் ஷாமு, நீ இருந்தாலும் பண்ணுவேன், இல்லாட்டியும் பண்ணுவேன். ஆனா பிள்ளைங்கள விட மாட்டேன். நீ போ."

ஷாமினி அவன் தோளில் தலை வைத்தாள். ஈரச் சட்டை, உப்பு வாசம். பிறகு நிமிர்ந்து போனை எடுத்தாள். தலைமைத் தாதியின் எண்ணைத் தேடி, திங்கட்கிழமைக்குக் காத்திராமல், பயிற்சிக்கு வருகிறேன், நன்றி என்று எழுதி அனுப்பினாள். மனம் கழுவி விட்டதுபோல இருந்தது.

"அனுப்பிட்டேன்."

"அப்படிப் போடு!" என்று எழுந்த சுரேன், கூடாரத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றைக் கழுவ, காடிக்குப் பக்கத்திலிருந்த குழாயடிக்கு விசிலடித்தபடி போனான்.

தூங்கிவிட்டாள் என்று நினைத்த லேஷ்வினி பின்னாலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நீங்க கூச்சிங் போறீங்களா?"

"ஆமாடா செல்லம். நீ தம்பியப் பாத்துப்பியா?"

"அப்பா இருக்காங்களே." கொட்டாவி விட்டாள். "தலை பின்னிவிடுவாங்க, மத்தியானம் சோறு ஆக்குவாங்க, தமிழ் வீட்டுப்பாடம் சொல்லித்தருவாங்க. எப்பவும் போலதானே."

"மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களப் பாத்துக்கற மீனம்மா அக்கா வீட்லதானே இருப்பீங்க? அப்பா வேலைக்குப் போயிருப்பாரே."

"இல்லியே. மீனம்மா அக்கா வீட்டுக்கு நாங்க போறதே இல்லயே. புது வருசத்துலேருந்து அப்பாதான் ஸ்கூலுக்கு வந்து..."

லேஷ்வினி சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகப் பெரிய கண்கள் அம்மாவைப் பார்த்தன.

புது வருடத்திலிருந்து என்றால் மாதக் கணக்கு. மீன்முள் பின்னல். மூடி போட்ட கோப்பை. இரண்டு உறை. ஆயர் குரோ டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தினமும் காலையில் சட்டை இஸ்திரி போட்டுக் கிளம்புகிற மனிதன், மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கியிருக்கிறான். ஷாமினி வேலையில் இருந்த ஒவ்வொரு நாளும். அப்படியானால் அந்தக் கம்பெனி வேலை இன்னும் இருக்கிறதா?

மடியில் போன் மினுங்கியது. தலைமைத் தாதி படித்துவிட்டார். வாழ்த்துகள், இடத்தை உறுதி செய்துவிட்டேன் என்று பதில் வந்திருந்தது.

கோபம் வந்தால் மட்டும்தான் ஷாமினி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

"சுரேன்!"

குழாயடியில் விசில் நின்றது. கூடாரத்துணியைக் கையில் பிடித்தபடி அவன் திரும்பினான்.

"திங்கக்கெழம எந்த வேலைக்குப் போவீங்க?"

தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து அவன் காலில் ஓடியது. அவன் மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். காலையிலிருந்து எதைக் கேட்டாலும் எல்லாம் ரெடி என்று சொன்னவன், குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றான்.